நோயாளி திரும்பி வருகிறாரா? பிரித்தானியக் குடும்ப மருத்துவத் தொடர்கள் குறித்து

செங்கழுநீர் எழுதியது:

பிபிசி ஒன்று அலைவரிசையில் 2000 மார்ச் 26 அன்று தொடங்கிய 'டாக்டர்ஸ்' தொடர் 2024 நவம்பர் 14 அன்று முடிந்துபோனது. ஏறத்தாழ 24 ஆண்டுகள், 4,500க்கும் மேற்பட்ட பகுதிகள். வார நாட்களில் மதிய உணவுக்குப் பிந்தைய அரைமணி நேரத்தில் ஒளிபரப்பானதால், இரவு நேரத் தொடர்களுக்குக் கிடைக்கும் விமர்சகர் கவனம் இதற்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. செய்தி வந்தபோதும் ஓரிரு பத்திகளோடு முடித்துவிட்டார்கள். இந்தத் தொடரை நான் மனமார விரும்பிப் பார்த்தவன் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் லெதர்பிரிட்ஜ் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே மில் சுகாதார நிலையம். படப்பிடிப்பு முதலில் பர்மிங்காமின் பெபிள் மில் வளாகத்திலும் பிறகு செல்லி ஓக் பகுதியிலும் நடந்தது. தொடக்க ஆண்டுகளில் தலைமை மருத்துவர் மேக் மெக்குவயராக நடித்தவர் கிறிஸ்டோபர் திமோதி. யார்க்‌ஷயர் கால்நடை மருத்துவராக வேறொரு தொடரில் முன்பே ஒரு தலைமுறை அறிந்திருந்த முகம் அவருடையது; கால்நடைகளை விட்டு மனிதர்களிடம் வந்துவிட்டார் என்று என் வீட்டில் மகிழ்ந்து பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு சரடுகள் உண்டு. ஒன்று, மருத்துவர்களும் ஊழியர்களும் தங்கள் வாழ்க்கையை நடத்திச் செல்லும் நெடுங்கதை. மற்றொன்று, அன்று ஆலோசனை அறைக்குள் நுழையும் ஒரு நோயாளியின் கதை. அது அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும். முழங்கால் வலி என்று வந்து உட்காருபவர், எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொல்லத் தொடங்குவார். குடும்ப மருத்துவர்கள் அனைவருக்கும் பழக்கமான அந்தக் கணத்தை இத்தொடர் போலப் பொறுமையாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. மருத்துவமனை அவசரப் பிரிவைக் காட்டும் 'கேஷுவல்டி' தொடரில் இரத்தமும் ஓட்டமும் உண்டு. இங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பத்து நிமிடம்.

ஆயினும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன். மருத்துவமனைக்கும் குடும்ப மருத்துவருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, இரண்டாவது இடத்தில் நோயாளி திரும்பி வருகிறார் என்பதே. அதே மனிதர் சளிக்கு வருவார், மூன்று ஆண்டு கழித்து மனைவியை அழைத்து வருவார், அதன் பிறகு தனியாக வருவார். 'டாக்டர்ஸ்' தொடரிலோ மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அன்றைய நோயாளி பெரும்பாலும் அன்றோடு மறைந்துபோனார். உண்மை வாழ்க்கையில் இது தலைகீழ் அல்லவா? நோயாளி ஊரிலேயே இருக்க, மருத்துவர்கள்தாம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

தாழ்வாரம் எழுதியது:

நல்ல கேள்வி, செங்கழுநீர். ஆனால் குறை என்று நீங்கள் சொல்வதுதான் அந்தத் தொடரை 24 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது என்று நான் கருதுகிறேன். நாடக எழுத்தைத் தொழிலாகக் கற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அன்றைய நோயாளி அன்றோடு முடிவதால், நெடுங்கதை எதுவும் தெரியாத ஒரு புதிய எழுத்தாளர்கூட ஒரு முழுக் கதையை எழுதிவிட முடியும். தொடக்கம், சிக்கல், திருப்பம், தீர்வு எல்லாம் அரைமணி நேரத்திற்குள். பிபிசி 2005இல் தொடங்கிய எழுத்தாளர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 'டாக்டர்ஸ்' தொடருக்கு எழுதிப் பழகிவிட்டே 'கேஷுவல்டி', 'ஹோல்பி சிட்டி', 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஆகிய பிபிசி தொடர்களுக்குச் சென்றார்கள். நடிகர்களுக்கும் அப்படியே. எடி ரெட்மெய்ன் 2003இலும் எமிலியா கிளார்க் 2009இலும் இதில் ஒரு நாள் நோயாளிக் கதைகளில் வந்து போனவர்கள்தாம். நோயாளி திரும்பி வர வேண்டும் என்று விதி வைத்திருந்தால், அந்த நடிகரின் நாட்களை ஓராண்டுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தின் வரலாற்றை ஒவ்வொரு எழுத்தாளரும் படித்திருக்க வேண்டும். அவ்வளவு விரைவாக, அவ்வளவு குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு தொடரால் அதைத் தாங்க முடியாது.

செலவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் தொடரை நிறுத்துவதாக அறிவித்தபோது பிபிசி கூறிய காரணம், நாடகத் தயாரிப்புச் செலவு மிகவும் ஏறிவிட்டது, செல்லி ஓக் வளாகத்தைப் புதுப்பிக்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ பெருந்தொகை தேவைப்படும் என்பது. அந்தப் பணம் மிட்லண்ட்ஸிலேயே வேறு நிகழ்ச்சிகளுக்குச் செலவிடப்படும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் புதியவர்கள் தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் இடம் கொடுத்த ஒரு பட்டறை போய்விட்டது. ஆறு பகுதிகள் கொண்ட எந்தப் பெருஞ்செலவுத் தொடரும் அந்த இடத்தைத் தராது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது.

---

வன்னிமகள் எழுதியது:

இருவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு சேர்ஜரியில், அதாவது குடும்ப வைத்தியர் நிலையத்தில், பத்தொன்பது வருடம் ரிசெப்ஷன் மேசையில் வேலை செய்து, சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றேன். எந்த ஊர், எந்தச் சேர்ஜரி என்று எழுத மாட்டேன். நோயாளர்களின் அந்தரங்கம் காக்கும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

நீங்கள் வைத்தியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் தொடர்களில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். 'டாக்டர்ஸ்' தொடரில் திருமதி டெம்பே இருந்தார்; லோர்னா லெய்ட்லா நடித்தது. நிமிர்ந்த தோள், திருத்தமான உடை, தேவாலயத்தில் ஆழ்ந்த பற்று, வரம்பு மீறிப் பேசுபவரை ஒரு பார்வையால் நிறுத்திவிடும் கண்டிப்பு, அதே நேரம் அழுதுகொண்டு நிற்பவருக்கு முதலில் ஒரு நாற்காலி. காவற்துறையில் இருந்த ரொப் ஹொலின்ஸின் மனைவி கேரன் இன்னொருவர். இவர்களைச் சிரிப்புக்காக மட்டும் வைக்காமல் முழு மனிதர்களாக எழுதினார்கள் என்பதற்காகவே அந்தத் தொடருக்கு நான் நன்றியுடையவள்.

அந்த மேசையின் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி இணைப்புகள் திறக்கும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு முப்பது பேர் வரிசையில் இருப்பார்கள். பத்தேகாலுக்குள் அன்றைய இடங்கள் எல்லாம் தீர்ந்துவிடும். அதன் பிறகு அழைப்பவருக்கு 'இன்று இடமில்லை' என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர் அல்ல, நாங்கள்.

செங்கழுநீர் சொன்ன 'திரும்பி வருதல்' எங்கே நடக்கிறது தெரியுமா? இந்த மேசையில்தான். எங்களிடம் ஒரு வயோதிபர் மாதம் தவறாமல் தனக்கும் மனைவிக்குமாக இரண்டு மருந்துத் துண்டுகளைக் கொண்டு வருவார். இரண்டையும் சுருட்டி, தபால்காரர் கீழே போட்டுவிட்டுப் போகும் அந்தச் சிவப்பு றப்பர் வளையத்தைப் போட்டிருப்பார். வளையத்தைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, துண்டுகளை மட்டும் கண்ணாடிக்குக் கீழே தள்ளுவார். ஒரு வியாழக்கிழமை ஒரு துண்டு மட்டும் வந்தது. வளையம் இல்லை. 'அம்மாவின் துண்டு எங்கே?' என்று கேட்டேன். அவ இப்போது குளிசை எடுப்பதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை, உங்களுக்கு வேலை அதிகம் என்று சொல்லவில்லை என்றார். நான் எழுந்து போய் அன்றைய பொறுப்பு வைத்தியரிடம் சொன்னேன். மதியம் வைத்தியர் அவர்களின் வீட்டுக்குப் போனார், நியூமோனியா. அம்மா பன்னிரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பினா.

அந்த வைத்தியர் எங்களிடம் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. எனக்குத் தெரியும். கணினித் திரையில் ஒவ்வொரு நோயாளருக்கும் 'வழமையான வைத்தியர்' என்று ஒரு பெயர் இருக்கும். 2015இலிருந்து எல்லா நோயாளருக்கும் பொறுப்பு வைத்தியர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பெயருக்குரியவரை ஒரு முறையும் கண்டிராத நோயாளர்கள் நூற்றுக்கணக்கில் எங்களிடம் இருந்தார்கள்.

---

செங்கழுநீர் எழுதியது:

வன்னிமகள் அம்மா, அந்த றப்பர் வளையத்தை நான் மறக்கப் போவதில்லை. தாழ்வாரம் சொன்ன தயாரிப்புக் காரணங்களை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் குறை இன்னும் வலுப்படுகிறது. அந்தப் பெரியவர் முந்தைய மாதங்களில் எப்படி வந்தார் என்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால்தானே ஒற்றைத் துண்டுக்குப் பொருள் இருக்கும்?

---

மலைச்சாரல் எழுதியது:

இவ்வகைத் தொடர் 'டாக்டர்ஸ்' மட்டுமே அல்ல என்பதால் ஐடிவியின் 'பீக் பிராக்டிஸ்' தொடரையும் இங்கே கொண்டுவர விரும்புகிறேன். லூசி கேனன் உருவாக்கியது. 1993 மே மாதம் தொடங்கி 2002 ஜனவரியில் நின்றது. டெர்பிஷயர் மலைநாட்டில் கார்டேல் என்ற கற்பனைக் கிராமம். பெரும்பகுதி கிரிச் என்ற ஊரில் படமாக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிவிட்டுத் திரும்பும் ஜாக் கெருஷ் என்ற மருத்துவராகக் கெவின் வாட்லியும், பெத் குளோவராக அமாண்டா பர்ட்டனும், வில் பிரெஸ்டனாகச் சைமன் ஷெப்பர்டும் நடித்தார்கள்.

இத்தொடரின் தொடக்கத்தில் பீச்சஸ் என்ற அவர்களது மருத்துவ நிலையம் பணநெருக்கடியில் தள்ளாடுகிறது. பிரித்தானியக் குடும்ப மருத்துவர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் அரசின் சம்பள ஊழியர்கள் அல்லர், பிரித்தானிய அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டாளிகளாக ஒரு நிலையத்தை நடத்துபவர்கள். வருமானத்தின் பெரும்பங்கு, பட்டியலில் பதிவு செய்திருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு குடும்பம் பக்கத்து நிலையத்துக்குப் பெயரை மாற்றிக்கொண்டால் பணமும் கூடவே போய்விடும். நோயாளிகளின் சிகிச்சைக்கான பணத்தை நிலையங்களிடமே ஒப்படைத்த, 1991இல் வந்த நிதிப்பொறுப்புத் திட்டம் மருத்துவர்களைக் கணக்குப் பேரேட்டின் முன்னால் உட்காரவைத்த காலம் அது. மருத்துவர்கள் கூட்டாளிகளாகக் காசைப் பற்றிச் சண்டையிட்டுக்கொள்வதை வெகுமக்கள் தொடர் ஒன்றில் நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பச்சை மலையும் கல்வீடுகளும் என்று அதை ஒதுக்குபவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று, இரவு அழைப்புகள். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்க, மருத்துவர் சட்டைக்கு மேல் கம்பளி மாட்டிக்கொண்டு பையை எடுத்துக் காரில் ஏறும் காட்சி அந்தத் தொடரில் வழக்கமானது. அது வெறும் நாடக உத்தி அன்று. அன்றைய ஒப்பந்தப்படி தம் பட்டியலில் உள்ளவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் பொறுப்பு அந்த மருத்துவருடையதே. 2004இல் வந்த புதிய ஒப்பந்தம் இரவு நேரப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள அனுமதித்தது. மிகப் பெரும்பாலோர் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; இரவெல்லாம் விழித்தவர் காலையில் முப்பது பேரைப் பார்ப்பது ஆபத்து. ஆனால் உங்கள் வீட்டு மாடிப்படியை இருட்டில் ஏறிவந்த ஒருவர் உங்களைப் பற்றி அறிந்துகொள்வது வேறு வகையானது.

கடைசிப் பகுதியில் இரண்டு மருத்துவர்கள் மலைவிளிம்பிலிருந்து விழுவதோடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தொடரே கைவிடப்பட்டது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது இன்றுவரை தீரவில்லை. ஒன்பது ஆண்டுகள் உடன் வந்தவர்களுக்குச் செய்த அநீதி அது.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

தமிழ்நாட்டில் மருத்துவம் படித்து, இப்போது பிரித்தானியாவில் குடும்ப மருத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். செங்கழுநீரின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு: அந்தத் தலைகீழ் நிலையைச் சரிசெய்த தொடர் 'டாக் மார்ட்டின்'.

பலர் அதை நகைச்சுவைத் தொடராக மட்டுமே நினைக்கிறார்கள். ஐடிவியில் 2004 முதல் 2022 வரை பத்துப் பருவங்கள் வந்தது. இரத்தத்தைக் கண்டால் குமட்டும் நிலைக்கு ஆளான இலண்டன் அறுவை மருத்துவர் மார்ட்டின் எல்லிங்ஹாம், கார்ன்வாலின் போர்ட்வென் என்ற கற்பனை மீனவ ஊருக்கு ஒரே குடும்ப மருத்துவராக வருகிறார். மார்ட்டின் குளூன்ஸ் நடித்தார். படமாக்கிய ஊர் போர்ட் ஐசக். முதல் பகுதியில் விமானத்தில் எதிரே இருக்கும் பெண்ணின் கண்ணையே அவர் உற்றுப் பார்ப்பார், அவள் சங்கடப்படுவாள். அந்தப் பெண் லூயிசா, அவரை வேலைக்கு எடுப்பதா என்று முடிவு செய்யும் குழுவில் உட்கார்ந்திருப்பாள். அவளது கண்ணில் இருப்பது கடுமையான கண் அழுத்த நோய் (குளுக்கோமா) என்பது அதன் பிறகு தெரியும். முதலில் மனிதரைப் பார்க்காமல் நோயைப் பார்ப்பவர். அதுதான் அவரது குறை, அதுவே அவரது திறமை.

ஆனால் நான் சொல்ல வந்தது நோயாளிகளைப் பற்றி. குழாய் வேலை செய்த பெர்ட் லார்ஜ், அவர் மகன் அல், மருந்துக்கடை திருமதி டிஷெல், காவலர் பென்ஹேல் என்று இவர்கள் எல்லாரும் ஒருநாள் விருந்தாளிகள் அல்லர். பதினெட்டு ஆண்டுகளில் இவர்கள் முதுமையடைவதை, தொழில் மாற்றுவதை, பிடிவாதத்தால் மருந்தை நிறுத்துவதை நாம் பார்க்கிறோம். பெர்ட் ஒரு பொய்யைச் சொல்லத் தொடங்கும்போதே அது பொய் என்று மருத்துவரோடு நாமும் அறிந்துகொள்கிறோம். குடும்ப மருத்துவம் என்பது அதுதான்.

இது வெறும் மனநிறைவு சார்ந்த செய்தி அன்று. நார்வேயில் 45 இலட்சம் மக்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட, அவசர மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. என் பயிற்சியில் இந்த எண்ணை முதலில் கேட்டபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு மாத்திரையால் இவ்வளவு பயன் கிடைத்திருந்தால் உலகமே அதைக் கொண்டாடியிருக்கும்.

சவுத் வேல்ஸின் கிளிங்கொராக் என்ற சுரங்க ஊரில் பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட்டை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. நல்ல மருத்துவம் மிகவும் தேவைப்படும் மக்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971இல் விதியாக வகுத்துச் சொன்னவர். தன் பட்டியலில் இருந்த அனைவரது இரத்த அழுத்தத்தையும், அவர்கள் நோய் என்று வராதபோதும், தேடிப் போய் அளந்தவர். அத்தகைய சுரங்க ஊர்களிலும் ஆலை நகரங்களிலும் உள்ளூர் மருத்துவர்கள் போக விரும்பாத இடங்களை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து 1960களிலும் 70களிலும் போனவர்கள்; தமிழர்களும் அவர்களில் பலர். பீச்சஸின் முதல் மூன்று மருத்துவர்களும் வெள்ளையர்கள். பழைய 'டாக்டர் ஃபின்லே' தொடரின் ஆர்டன் ஹவுஸிலும் போர்ட்வென்னிலும் அப்படியே. ஒரு வேல்ஸ் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகள் தனியாக நிலையம் நடத்திய ஒரு தமிழ் மருத்துவரை நடுவில் வைத்து ஒரு தொடர் வந்திருந்தால் அதுவே உண்மைக்கு மிக அருகில் இருந்திருக்கும்.

---

தாழ்வாரம் எழுதியது:

மருந்துப்பெட்டி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு மறுப்பு மட்டும் உண்டு. போர்ட்வென்னில் நோயாளிகள் திரும்பி வருவதற்குக் காரணம் நம்பிக்கை என்று சொல்லிவிட முடியுமா? அந்த ஊரில் வேறு மருத்துவர் இல்லை. மருத்துவர் முகத்துக்கு நேராகத் திட்டுகிறார். காத்திருப்பவர்கள் எதிரிலேயே ஒருவரது நோயைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறார். உண்மை வாழ்க்கையில் இது முறையீட்டில் முடிந்திருக்கும். வேறு வழியில்லாமல் திரும்புவதையும் விரும்பித் திரும்புவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 'டாக்டர்ஸ்' மருத்துவர்கள் ஒருநாள் மட்டுமே வரும் நோயாளியிடமும் காது கொடுத்தார்கள். எனக்குத் தேர்வு இருந்தால், என்னைப் பதினைந்து ஆண்டுகள் அறிந்த முரடரைவிட, இன்று என்னைக் கேட்பவரிடம் போவேன்.

---

வன்னிமகள் எழுதியது:

தாழ்வாரம், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உடம்பில் ஒரு வருத்தம் மட்டும் இருப்பவருக்கு இன்று கேட்பவர் போதும். ஆறு வருத்தமும் பதினொரு குளிசையும் இருப்பவர், தன் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக் களைத்துப்போவதை நான் மேசையிலிருந்து கண்டிருக்கிறேன். ஒரு அம்மா என்னிடம், 'இன்று யார் இருக்கிறார்?' என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். தெரியாத பெயர். 'அப்படியென்றால் வேண்டாம், சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் போய்விடும்' என்று திரும்பிப் போனார். அவரைப் போக விட்டது என் பிழை. அடுத்த கிழமை அவர் அம்புலன்ஸில் போனதாக அறிந்தேன். பிழைத்துவிட்டார். ஆனால் அன்று நான் எழுந்து பின்னால் போயிருக்க வேண்டும்.

---

மலைச்சாரல் எழுதியது:

இந்த இடத்தில் பழைய 'டாக்டர் ஃபின்லே' தொடரைச் சேர்க்காமல் விட்டால் பேச்சு நிறைவுறாது. பிபிசியில் 1962 முதல் 1971 வரை வந்தது; மருந்துப்பெட்டி குறிப்பிட்ட ஆர்டன் ஹவுஸ் அதில் வரும் மருத்துவர் வீடு. என்.எச்.எஸ். பிறப்பதற்கு முந்தைய ஸ்காட்லாந்துச் சிற்றூர். முதிய மருத்துவர் கேமரன், இளைய மருத்துவர் ஃபின்லே, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜேனட். தொலைபேசியை எடுப்பவரும் கதவைத் திறப்பவரும் ஜேனட்தான். யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதைக் குரலை வைத்தே அவர் அறிவார். வன்னிமகள் அம்மாவின் மேசை அங்கேயே தொடங்கிவிட்டது. கட்டணம் கொடுக்க முடியாததால் நோயை மறைத்து வைத்திருப்பவர்களின் அச்சமும் அந்த உலகத்தில் உண்டு. என்.எச்.எஸ். பிறந்த 1948 ஜூலை 5 எதை மாற்றியது என்பது அதைப் பார்க்கும்போது விளங்கும்.

---

செங்கழுநீர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாழ்வாரத்தின் மறுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். நான் 'திரும்பி வருதல்' என்று பொதுவாகச் சொன்னதில் அந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. ஆனாலும் நான் பார்க்க விரும்பும் தொடர் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒரே நிலையம், எட்டு அல்லது ஒன்பது நோயாளிகள், பத்து ஆண்டுகள். மருத்துவர்கள் வந்து போகட்டும். நோயாளிகளாக நடிப்பவர்கள் மாற வேண்டாம். ஒருவர் நான்கு பகுதிகளுக்கு வராமல் இருந்தாலே நாம் கவலைப்பட வேண்டும். தாழ்வாரம், இப்படி ஒன்றை எழுதுவதாக இருந்தால் முதல் காட்சியை எங்கே வைப்பீர்கள்?

---

தாழ்வாரம் எழுதியது:

முன்பு கேட்டிருந்தால் ஆலோசனை அறை என்றிருப்பேன். இப்போது, காலை ஏழு ஐம்பத்தெட்டு, ரிசெப்ஷன் மேசை. இரண்டு பேர் தலையணி மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். தொலைபேசி இன்னும் ஒலிக்கவில்லை.

---

வன்னிமகள் எழுதியது:

ஒரு திருத்தம். ஏழு ஐம்பத்தெட்டுக்கு வெளிக்கதவுக்கு முன்னால் ஏற்கெனவே நாலு பேர் நிற்பார்கள், தம்பி. மழை என்றாலும் நிற்பார்கள். யார் நிற்கிறார்கள் என்று மேசையில் இருப்பவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அதையும் காட்டுங்கள்.